பிசிறு தட்டாத விமானம்

ராஜபாளையத்தில் டவுன் பஸ் ஏறி செட்டியார்பட்டி பக்கம் இறங்கிப் பாருங்கள். ஒட்டினாற்போல் தளவாய்புரம். நைட்டிக்குப் பேர்போன ஊர். துணியை அடுக்கடுக்காகப் போட்டு ஒரே வெட்டாக வெட்டுவார்கள். முன்பாகம், பின்பாகம், கை, கழுத்துப் பட்டி என்று துண்டுகள் கட்டுக்கட்டாகத் தையல்காரர் கைக்கு வரும். அவர் சேர்த்துத் தைக்க வேண்டியதுதான் பாக்கி.

அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். “ஓரம் அடிக்காம அப்படியே தைச்சா என்னாகும்?”

சிரிப்பார். வெட்டிய துணிக்கு ஓரம்தான் எமன் என்பது தையல் மெஷினைத் தொட்ட எல்லோருக்கும் தெரியும். நாலு தடவை துவைத்தால் ஓரத்தில் ஒரு நூல் பிரியும். அதைத் தொடர்ந்து இன்னொன்று. கடைசியில் தையலே விட்டுப்போகும். துணி நல்ல துணிதான், நூலும் நல்ல நூல்தான். கவனிக்காமல் விட்டது ஓரத்தை மட்டும். அதற்குத்தான் ஓவர்லாக்.

இந்த ஓவர்லாக் சமாசாரத்தைக் கொஞ்சம் மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், இந்த வாரம் நாம் பார்க்கப்போவது வீட்டுக் கொல்லையில் விமானம் செய்கிற மனிதர்களை. துணிக்குப் பதில் தகடு, நூலுக்குப் பதில் ரிவெட். மற்றபடி இரண்டும் ஒரே தொழில்தான்!

*

வீட்டில் விமானமா, கதை விடுகிறாயா என்று கேட்காதீர்கள். ஆலப்புழாவில் பிறந்தவர் அசோக் தாமராக்ஷன். முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவரின் மகன், மெக்கானிக்கல் இன்ஜினீயர். இங்கிலாந்தில் ஃபோர்டு கம்பெனியில் வேலை. விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கியாயிற்று. ஆனால் வாடகைக்குக் கிடைத்ததெல்லாம் சின்ன விமானங்கள். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் எல்லோரும் சேர்ந்து போக நாலு ஸீட் விமானம் வேண்டும். புதிதாக வாங்கினால் விலை கட்டுப்படியாகாது.

என்ன செய்தார்? தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்கில் ஸ்லிங் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. அங்கிருந்து ‘ஸ்லிங் டிஎஸ்ஐ’ என்ற விமானத்தைப் பெட்டி பெட்டியாக வரவழைத்தார். கொரோனா ஊரடங்கு நேரம். எஸ்ஸெக்ஸில் தன் வீட்டுத் தோட்டத்து ஷெட்டிலேயே வேலையை ஆரம்பித்தார். சுமார் ஒன்றரை வருஷம், ஏறக்குறைய 1,500 மணி நேர உழைப்பு, ஏறத்தாழ ஒரு லட்சத்து 40 ஆயிரம் பவுண்டு செலவு. 2022 பிப்ரவரியில் விமானம் பறந்தது. இளைய மகளின் பெயரையே அதற்கு வைத்தார். பிறகு குடும்பத்தோடு ஐரோப்பாவில் சுற்றுலாவும் போய்வந்தார்கள்.

இந்த மாதிரி பெட்டியில் வரும் விமானத்துக்குக் ‘கிட்’ என்று பெயர். தளவாய்புரத்துக் கட்டிங் கட்டு மாதிரியேதான். இறக்கைத் தகடு, வால் தகடு, உள்ளே எலும்புக்கூடு மாதிரி நிற்கும் சட்டங்கள்... எல்லாம் கம்ப்யூட்டர் அளவுப்படி வெட்டி, எங்கெங்கே ரிவெட் வரவேண்டுமோ அங்கெல்லாம் துளையும் போட்டு அனுப்பிவிடுவார்கள். சேர்ப்பது உங்கள் பாடு.

“அதையும் அவர்களே சேர்த்துக் கொடுத்தால் என்ன?” கொடுக்கலாம். ஆனால் அப்போது அது ‘வீட்டில் செய்த விமானம்’ ஆகாது. அமெரிக்கச் சட்டப்படி வேலையில் பெரும்பகுதி, அதாவது பாதிக்கு மேல், சொந்தக் கையால் செய்திருக்க வேண்டும். ‘51 சதவீத விதி’ என்றே இதைச் சொல்வார்கள். கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்குக்காகவோ செய்ததாகவும் இருக்க வேண்டும், வியாபாரத்துக்காக அல்ல. இத்தனைக்குப் பிறகும் விமானத்தின் மேல் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியாக வேண்டும். கூட ஏறுகிறவர், தான் எதில் ஏறுகிறோம் என்று தெரிந்து ஏறட்டும் என்பதற்காக!

*

யோசித்துப் பார்த்தால் உலகத்தின் முதல் விமானமே வீட்டு விமானம்தான். ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். 1903-ல் அவர்களுக்கு இன்ஜின் செய்து கொடுத்தவர் சார்லி டெய்லர், கடையில் வேலை பார்த்த மெக்கானிக். ஆறே வாரத்தில் செய்தார். இன்ஜினின் உடம்பு அலுமினியத்தில் வார்த்தது. உள்ளே சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு அவர் எடுத்தது ஒரு கனத்த எஃகுப் பலகை. அதில் படம் வரைந்து, கோட்டை ஒட்டி வரிசையாக ட்ரில் போட்டு, வேண்டாத பகுதியை உளியால் தட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை லேத்தில் கடைந்து... முடிந்தது கதை. நம் ஊர் லேத் பட்டறைக்காரர் யாராவது இதைப் படித்தால், ‘நானும் இப்படித்தானே செய்வேன்’ என்பார்.

நம் மெட்ராஸும் இந்த விஷயத்தில் சளைத்ததல்ல. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தி வந்த ஜியாகோமோ டி’ஏஞ்சலிஸ் என்பவருக்கு விமானப் பித்துப் பிடித்தது. 1909 ஜூலையில்தான் பிரான்ஸின் ப்ளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்திருந்தார். எட்டு மாதம்கூட ஆகவில்லை. 1910 மார்ச்சில் டி’ஏஞ்சலிஸ் தானே வரைந்த ஒரு விமானத்தோடு வந்து நின்றார். செய்து கொடுத்தது அதே மவுண்ட் ரோட்டில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனி. பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். இந்தியாவில் கட்டப்பட்டுப் பறந்த ஆரம்பகால விமானங்களில் அது ஒன்று.

சாப்பாட்டுக் கடைக்காரர் வரைந்து, வண்டிக் கம்பெனி செய்த விமானம்! அந்தக் காலத்தில் அது முடிந்தது. காரணம், அன்றைய விமானம் என்பது மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. தச்சரும் தையல்காரரும் போதும். மரம் விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியும். துணி கிழிந்தால் ஒட்டுப் போடலாம்.

உலோகம் வந்தபோதுதான் விஷயம் மாறியது.

*

அலுமினியம் எடை குறைவு. ஆனால் சுத்த அலுமினியம் நம் வீட்டு டிபன் பாக்ஸ் மாதிரி, கீழே விழுந்தால் சொட்டை. அதை வைத்து இறக்கை செய்ய முடியாது. ஜெர்மனியில் ஆல்ஃப்ரெட் வில்ம் என்ற ஆராய்ச்சியாளர் 1906-ல் அலுமினியத்தோடு கொஞ்சம் செம்பு, துளி மெக்னீசியம் சேர்த்துச் சூடாக்கி, தண்ணீரில் அமிழ்த்திக் குளிர வைத்துப் பார்த்தார். எதிர்பார்த்த உறுதி வரவில்லை. ஓரிரு நாள் கழித்து அதே துண்டைத் திரும்பச் சோதித்தால், சும்மா கிடந்ததிலேயே இறுகியிருந்தது! அதுதான் ட்யூராலுமின். 1919-ல் ஜெர்மனியின் யுங்கர்ஸ், அந்தத் தகட்டை வைத்து முழுக்க உலோகத்தாலான பயணிகள் விமானத்தையே கொண்டுவந்தார். இன்றைக்கு வீட்டு விமானக்காரர்கள் வெட்டி ஒட்டுகிற ‘2024’ ரகத் தகடு அதே பரம்பரையில் வந்த பேரப்பிள்ளைதான்.

தகட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே தடவை இழுத்தால் கல் மாதிரி நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஆயிரம் தடவை இழுத்து விட்டால் சோர்ந்து போகும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து உடைத்திருப்பீர்களே, அதே சோர்வு. விமானம் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் தகடு இழுபடுகிறது, தளர்கிறது. எங்கிருந்து சோர்வு ஆரம்பிக்கும்? துளையிலிருந்துதான்!

1898-லேயே கிர்ஷ் என்ற ஜெர்மானியர் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். ஒரு தகட்டை இழுக்கும்போது, அதில் வட்டமாக ஒரு துளை இருந்தால், அந்தத் துளையின் ஓரத்தில் மட்டும் இழுவிசை மற்ற இடத்தைப்போல் மூன்று மடங்கு. துளை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதே மூன்று மடங்குதான். வழுவழுப்பான வட்டத்துக்கே இந்தக் கதி என்றால், ஓரத்தில் கீறல் இருந்தால்? 1913-ல் இங்கிலாந்தின் இங்லிஸ் அதற்கும் பதில் சொன்னார். கீறலின் முனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு விசை அங்கே போய்க் குவியும். மூன்று மடங்கோடு நிற்காது.

இதில் ஒரு வேடிக்கை. ஓடுகிற விரிசலை நிறுத்த மெக்கானிக்குகள் என்ன செய்வார்கள் தெரியுமா? விரிசலின் முனையில் வட்டமாக ஒரு துளை போடுவார்கள். கூர்முனை போய்விடுகிறதல்லவா, விரிசல் அங்கேயே நின்றுவிடும். சுத்தமான துளை விரிசலைக் கொல்கிறது. பிசிறுள்ள துளை விரிசலைப் பெறுகிறது. வித்தியாசம், ஓரத்தில் மட்டும்!

*

புத்தகத்தில் இருந்த இந்தக் கணக்கை உலகம் பிணங்களைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டது.

1952 மே 2-ம் தேதி, உலகின் முதல் ஜெட் பயணிகள் சர்வீஸ் தொடங்கியது. பிரிட்டனின் ‘காமெட்’ விமானம். லண்டனே மார்தட்டிக்கொண்டது. 1954 ஜனவரி 10 அன்று ரோமிலிருந்து கிளம்பிய ஒரு காமெட், எல்பா தீவுக்குப் பக்கத்தில் நடுவானில் சிதறிக் கடலில் விழுந்தது. 35 பேர் பலி. விமானங்களை நிறுத்திவிட்டுத் தேடினார்கள். காரணம் பிடிபடவில்லை. மறுபடி பறக்க விட்டார்கள். ஏப்ரல் 8-ம் தேதி, மீண்டும் ரோமிலிருந்து கிளம்பிய இன்னொரு காமெட், நேப்பிள்ஸ் பக்கம் அதேபோல் சிதறியது. 21 பேர்.

ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு முழு காமெட்டைத் தொட்டிக்குள் நிறுத்தி, உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் நிரப்பினார்கள். ஒரு தடவை பறந்தால் உடம்பு எவ்வளவு உப்புமோ, அந்த அளவுக்கு உள்ளே அழுத்தம் ஏற்றி இறக்கினார்கள். ராத்திரி பகலாக இதே வேலை. ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து சுமார் 3,000 பயணங்களுக்குச் சமமான நேரத்தில் தகடு பிளந்தது. ஜன்னல், கதவுத் திறப்புகளின் மூலையில், ரிவெட்டும் போல்ட்டும் போட்ட துளைகளின் ஓரத்தில்தான் விரிசல் பிறந்திருந்தது. எல்பாவில் விழுந்த விமானத்தின் கூரைத் தகட்டைக் கடலிலிருந்து எடுத்துப் பார்த்தபோது, அதுவும் அதே கதையைத்தான் சொன்னது.

பாடம் படித்துவிட்டார்களா? 1988 ஏப்ரல் 28. ஹவாய்த் தீவுகளுக்கு நடுவே பஸ் மாதிரி போய்வந்துகொண்டிருந்த அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737. வயது 19. அதுவரை 89,680 தடவை ஏறி இறங்கியிருந்தது. 24,000 அடி உயரத்தில் முன்பக்கக் கூரை அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு இறந்துபோனார். மற்ற 94 பேரும் திறந்த வானத்துக்குக் கீழே உட்கார்ந்தபடி, மாவி தீவில் உயிரோடு தரையிறங்கினார்கள்.

விசாரணையில் என்ன தெரிந்தது? தகடும் தகடும் சேர்கிற இடத்தில் பசை விட்டுப்போயிருந்தது. பாரமெல்லாம் ரிவெட் வரிசையின் மேல் வந்துவிட்டது. ரிவெட்டின் தலை தகட்டோடு சமமாக அமர்வதற்காகத் துளையைப் புனல் மாதிரி குடைந்திருந்தார்கள். தகடோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. குடைந்த குடைச்சலில் துளையின் அடி ஓரம் கத்தி முனை மாதிரி ஆகியிருந்தது. இங்லிஸ் 1913-ல் எழுதிய கூர்முனை! அடுத்தடுத்த துளைகளின் சின்னச் சின்ன விரிசல்கள் கைகோத்துக்கொண்டன. ஒரு பயணி ஏறும்போதே கதவுக்குப் பக்கத்தில் விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை!

*

இப்போது மறுபடி அந்த வீட்டு ஷெட்டுக்குப் போவோம். பெட்டியைப் பிரித்தாயிற்று. இனி என்ன வேலை?

முதலில் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க வேண்டும். அளவு குறிக்க பென்சில் எடுக்கக் கூடாது! பென்சிலில் இருக்கும் கிராஃபைட், ஈரம் பட்டால் அலுமினியத்தை அரிக்கும். மார்க்கர் பேனாதான். தகடுகளைச் சட்டத்தின் மேல் வைத்து, துளைக்குத் துளை ஸ்பிரிங் ஊசி மாதிரி ஒரு தற்காலிகப் பிடிப்பைச் செருகுவார்கள். தையல்காரர் குண்டூசி குத்துவதுபோல. பொருத்தம் சரியாக இருக்கிறதா? துளைகளைச் சரியான அளவுக்கு ட்ரில் போட்டு முடிக்க வேண்டும். அப்புறம்..?

அப்புறம் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும்!

புதிதாக வருகிறவர்கள் நொந்துபோகிற இடம் இதுதான். இப்போதுதானே மாட்டினோம், ஏன் கழற்ற வேண்டும்? ட்ரில் பிட் வெளியே வருகிற பக்கத்தில், துளையைச் சுற்றி நகக்கண் மாதிரி உலோகம் துருத்திக்கொண்டிருக்கும். ஃபிட்டர்கள் ‘பர்’ என்பார்கள். நல்ல தமிழில் பிசிறு. ராஜபாளையத்தில் 1936-ல் மில் வந்த நாளிலிருந்து, அங்கே வேலை பார்த்த ஒவ்வொரு ஃபிட்டரும் இந்தப் பிசிறோடு மல்லுக்கட்டியிருப்பார். அதை எடுக்காமல் ரிவெட் அடித்தால் இரண்டு தகடும் ஒன்றோடொன்று படியாது. நடுவில் ஈரம் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிசிறின் அடியில் ஒளிந்திருக்கும் கீறல், விரிசலுக்குப் போட்ட விதை.

ஆகவே ஒவ்வொரு துளையின் ஓரத்தையும் சின்ன வெட்டுக் கருவியால் லேசாக ஒரு சுற்று, இரண்டு சுற்று. அவ்வளவுதான். மூன்றாவது சுற்று சுற்றினால் வம்பு. அரை மில்லிமீட்டர் சொச்சத் தகடு அது. அதிகம் குடைந்தால், அலோஹா விமானத்தின் கத்தி முனையை நாமே கையால் செய்து வைத்தது மாதிரி. பிசிறும் இருக்கக் கூடாது, பிசிறு எடுக்கிறேன் என்று துளையையும் கெடுக்கக் கூடாது. பிறகு தகட்டின் வெளி ஓரங்கள். அரம் போட்டு, தேய்ப்பு நாரால் தேய்த்து, விரலை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

அடுத்தது குழி அழுத்துவது. மெல்லிய தகட்டில் ரிவெட் தலை சமமாக உட்காரத் துளையைக் குடைய முடியாதல்லவா? அதனால் அச்சு வைத்து அழுத்தி, துளையைச் சுற்றிப் பணியாரச் சட்டி மாதிரி சின்னதாக ஒரு குழி உண்டாக்குவார்கள். மேல் தகட்டின் குழி, அடித் தகட்டின் குழிக்குள் போய் உட்காரும். அழுத்தும்போது துளையின் ஓரம் விரிந்து கொடுக்கிறது. ஓரம் சுத்தமாக இருந்தால் பேசாமல் விரியும். பிசிறோ கீறலோ இருந்தால் அப்போதே வெடிக்கும். இந்தக் குழிதான் நேர்மையான பரீட்சை அதிகாரி!

அதற்குப் பிறகுதான் துரு தடுக்கும் பிரைமர். பிறகு மறுபடி சேர்த்து, கடைசியாக ரிவெட். நசுங்கிய ரிவெட்டின் வால் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ரிவெட்டின் தடிமனைப்போல் ஒன்றரை மடங்கு அகலம், பாதி உயரம். குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோமா? இப்படிப்பட்ட ஒரு விமானத்தில் ரிவெட் பத்தாயிரத்துக்குக் குறையாது. ஒரு ரிவெட் குறைந்தது இரண்டு தகடுகளைச் சேர்க்கிறது. ஒவ்வொரு தகட்டிலும் துளைக்கு இரண்டு முகம். ஆக ஒரு ரிவெட்டுக்கு நான்கு ஓரம். மொத்தம் நாற்பதாயிரம் ஓரங்கள்! ஓரத்துக்குப் பத்தே விநாடி என்று வைத்தாலும் நூறு மணி நேரத்துக்கு மேல் பிசிறு மட்டுமே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். விமானம் கட்டுவது என்றால் பறப்பது பற்றிய கனவு என்று நாம் நினைக்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் பாதி வேலை தேய்ப்பதுதான்.

*

‘இத்தனை மெனக்கெட வேண்டுமா, மெஷினிலேயே துளை சுத்தமாக வந்துவிடாதா?’ என்று கேட்கத் தோன்றும். அப்படி நினைத்த ஒரு பெரிய நிறுவனத்தின் கதையையும் கேளுங்கள்.

அமெரிக்காவில் 1953-ல் பால் போபெரெஸ்னி என்பவர் தன் வீட்டு பேஸ்மென்டில் வைத்து, வீட்டு விமானக்காரர்களுக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தார். வருஷா வருஷம் அவர்கள் கூடுகிற திருவிழாவுக்கு 1972-ல் ரிச்சர்ட் வேன்க்ரன்ஸ்வன் என்ற இன்ஜினீயர், தானே வடிவமைத்துச் செய்த ஒற்றை ஸீட் அலுமினிய விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்தார். பார்த்தவர்கள் எல்லாம் எனக்கு வேண்டும், உனக்கு வேண்டும் என்றார்கள். மறுவருஷம் பிறந்ததுதான் ‘வேன்’ஸ் ஏர்கிராஃப்ட்’. ஆரிகன் மாநிலத்துக் கம்பெனி. ஐம்பது வருஷத்தில் அவர்கள் கிட்டை வைத்து வீட்டில் செய்து பறந்த விமானங்கள் 11,000-க்கு மேல். உலகத்தில் வேறு யாரும் கிட்டவே வர முடியாத எண்ணிக்கை.

கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் ஆர்டர்களாகக் கொட்டினார்கள். வழக்கமான துளை போடும் மெஷின்களால் சமாளிக்க முடியவில்லை. லேசர் கதிரால் துளை வெட்டித் தர வெளியே ஆள் பிடித்தார்கள். வேகமோ வேகம். ஆனால் லேசர் ஒரு புள்ளியில் ஆரம்பித்து வட்டமடித்து அதே புள்ளியில் வந்து முடிகிறதல்லவா, அந்தச் சேருமிடத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு வெட்டு விழுந்திருந்தது. பார்சல்கள் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. ஷெட்டுகளில் உட்கார்ந்தவர்கள் குழி அழுத்தினார்கள். நான் சொன்ன அந்தப் பரீட்சை அதிகாரி, காட்டிக்கொடுத்துவிட்டார். துளை ஓரத்தில் விரிசல்!

லேசர் துளை போட்ட பாகங்கள் 1,800-க்கும் அதிகமான வாடிக்கையாளர்களுக்குப் போயிருந்தன. 2023-ல் விஷயம் வெடித்தது. சோதனை செய்து பார்த்துவிட்டு, பல பாகங்கள் பறக்க லாயக்கானவைதான், சிலவற்றை மட்டும் மாற்றினால் போதும் என்றது நிறுவனம். கேட்பார்களா? தன் உயிரையும் பெண்டாட்டி பிள்ளைகளையும் ஏற்றப்போகிற தகட்டில் ‘பரவாயில்லை’ என்ற வார்த்தைக்கு என்ன மரியாதை? மாற்றிக் கொடு என்றார்கள்.

இங்கேதான் காமர்ஸ் படித்தவனுக்குக் காது விடைக்கிறது. கிட் வியாபாரம் அட்வான்ஸ் வாங்கி நடக்கிற வியாபாரம். வாடிக்கையாளர் கட்டுகிற முன்பணம் கல்லாவில் இருக்கும்போது வருமானம் மாதிரி மினுக்கும். ஆனால் ஐந்தொகைக் கணக்கில் அது வருகிற இடம், கடன் பக்கம். சரக்கு போய்ச் சேர்கிறவரை அது அவர் பணம்தான். ஒரு பக்கம் விலையேறிய செலவு, மறு பக்கம் இலவசமாக மாற்றித் தர வேண்டிய மலையளவு பாகங்கள், நடுவில் செலவாகிப்போன அட்வான்ஸ். 2023 டிசம்பர் 4-ம் தேதி, ஐம்பது வருஷத்துக் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றப் படியேறியது. கிட் விலையை உயர்த்தி, பழைய ஆர்டர்காரர்களிடம் புதுவிலைக்குச் சம்மதம் கேட்டு, 2024-ல் ஒருவழியாகக் கரையேறியது.

மூட்டைப்பூச்சி அளவுகூட இல்லாத ஒரு வெட்டு!

*

நம் நாட்டில் இந்த ஆசை யாருக்கும் இல்லையா? இருக்கிறது. மும்பை காந்திவ்லியில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியிலேயே ஆறு ஸீட் விமானம் கட்டினார் பைலட் அமோல் யாதவ். கிட் கிடையாது, சொந்த வடிவம். 2016 பிப்ரவரியில் மும்பையில் நடந்த ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சிக்காக அதைப் பகுதி பகுதியாகக் கிரேன் வைத்துக் கீழே இறக்கினார்கள். அவருக்குத் தகடு வளைப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது அரசாங்கக் காகிதம். 2011-ல் பதிவுக்கு விண்ணப்பித்தவருக்கு 2017-ல்தான் பதிவு கிடைத்தது. பறந்து சோதிக்க அனுமதி 2019 அக்டோபரில். துலே விமானதளத்தில் அது வானம் பார்த்தது 2020-ல்.

டி’ஏஞ்சலிஸ் 1910-ல் யாரையும் கேட்காமல் பல்லாவரத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். இன்றைக்கு அப்படி விட முடியுமா? முடியாது, விடவும் கூடாது. கட்டுப்பாடு தேவைதான். இங்கிலாந்தில் அசோக் மாதிரி செய்கிறவர்களுக்கு இலகு விமானச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அதன் இன்ஸ்பெக்டர் கட்டம் கட்டமாக வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த கட்டம். தடுக்கிற கட்டுப்பாடு ஒன்று, கூட நின்று சொல்லித் தருகிற கட்டுப்பாடு ஒன்று. நமக்கு இரண்டாவது ரகம் இன்னும் கொஞ்சம் பழக வேண்டும்.

ஆனால் எந்த இன்ஸ்பெக்டராலும் நாற்பதாயிரம் ஓரங்களையும் பார்க்க முடியாது. அதுதான் இந்த வேலையின் ரகசியம். ரிவெட் விழுந்த மறுவிநாடி, துளை மூடிக்கொள்கிறது. மேலே பெயின்ட் வந்துவிடும். ராத்திரி பதினோரு மணிக்கு, கை வலியோடு, ‘இந்த ஒரு வரிசையை மட்டும் விட்டுவிடலாமே’ என்று தோன்றியதா, விட்டாரா, தேய்த்தாரா என்பது செய்தவர் ஒருவருக்குத்தான் தெரியும். பெரிய கம்பெனியில் துளை போடுகிறவர் வேறு, பறக்கிறவர் வேறு. லேசர்காரருக்கு அது இன்னொரு ஆர்டர். ஷெட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படியில்லை.

அடுத்த தடவை விமானத்தில் ஜன்னல் ஸீட் கிடைத்தால் இறக்கையைப் பாருங்கள். வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியின் அடியிலும் யாரோ ஒருவர் மூடிவிட்டுப் போன ஓர் ஓரம் இருக்கிறது. அவர் யாரென்று நமக்குத் தெரியாது. நம்பித்தான் ஏறுகிறோம்.

எஸ்ஸெக்ஸ் ஷெட்டில் உருவான விமானத்தில் அந்தச் சந்தேகமே கிடையாது. அதில் மொத்தம் நான்கு ஸீட். தகடு தேய்த்தவருக்கு ஒன்று. மீதி மூன்றிலும் அவர் மனைவியும் இரண்டு பெண்களும்.